மே 22: அயர்லாந்தை இரண்டு முறை புரட்டிப்போட்ட தேதி!

ஒரே தேதி. 17 ஆண்டு இடைவெளி. இரண்டு முறையும் வெள்ளிக்கிழமை. இரண்டு முறையும் முடிவைத் தலைவர்கள் எடுக்கவில்லை, ஓட்டுச்சீட்டுதான் எடுத்தது!

1998: துப்பாக்கியா, பேச்சுவார்த்தையா?

பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு இணைவதா? இந்தச் சண்டையில் 30 ஆண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்த ரத்தத்தை நிறுத்த எழுதப்பட்டதுதான் புனித வெள்ளி ஒப்பந்தம்.

வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்பு, பெல்ஃபாஸ்ட்டில் யூ2 இசை நிகழ்ச்சி. எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த ஜான் ஹியூம், டேவிட் டிரிம்பிள் இருவரையும் மேடைக்கு அழைத்து, கைகளைத் தூக்கிப்பிடித்தார் பாடகர் போனோ. அந்த ஒரு புகைப்படம் ஆயிரம் பிரசாரத்துக்குச் சமம்!

மே 22 அன்று வடக்கு அயர்லாந்தில் 71 சதவிகிதம் பேர் 'சரி' என்றார்கள். அயர்லாந்து குடியரசிலோ 94 சதவிகிதம். தீவு முழுவதையும் உரிமை கோரிய தங்கள் அரசியல் சாசன வரிகளையே மாற்ற அவர்கள் சம்மதித்தார்கள்.

ஆகஸ்ட்டில் ஓமா நகரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தனர். ஆனாலும் ஒப்பந்தம் உடையவில்லை. ஹியூமுக்கும் டிரிம்பிளுக்கும் அந்த ஆண்டின் அமைதி நோபல் கிடைத்தது.

2015: ஓட்டுப்போட ஊர் திரும்பியவர்கள்

1993 வரை ஓரினச் சேர்க்கை அயர்லாந்தில் குற்றம். அதே நாடு 22 ஆண்டுகளில், தன்பாலினத் திருமணத்தை ஏற்கலாமா என்று மக்களிடமே கேட்டது. வெளிநாட்டில் குடியேறிய பெரும்பாலோருக்குத் தபால் ஓட்டு கிடையாது. அதனால் விமானத்திலும் கப்பலிலும் ஊருக்கே வந்து ஓட்டுப்போட்டார்கள் இளைஞர்கள்.

62 சதவிகிதம் பேர் ஆதரவு! 43 தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் 'வேண்டாம்' என்றது. மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இத்திருமணத்தைச் சட்டமாக்கிய உலகின் முதல் நாடானது அயர்லாந்து.

இரண்டே ஆண்டுகளில், தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்த லியோ வரத்கர் பிரதமரானார். அவருடைய அப்பா மும்பையில் பிறந்தவர்!

பகைத்தவரோடு சேர்ந்து வாழலாம் என்றது ஒரு மே 22. விரும்பியவரோடு சேர்ந்து வாழலாம் என்றது இன்னொரு மே 22. 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?' என்று அடுத்த முறை தோன்றினால், இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள்!