லைன் வீட்டை விட்டு வராத தகப்பன்மார்



ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களைப் புரட்டினால் ஏரிக்கரை வீடுகளின் விளம்பரங்கள் கண்ணைக் கவருகின்றன. பணி ஓய்வு பெற்றவர்கள் அமைதியாய் நாட்களைக் கழிப்பதற்கென்றே கட்டப்பட்டவையாம். காலையில் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியுமாம். பெங்களூரின் ஏரிகளில் சில நுரை தள்ளி, அந்த நுரை சாலை வரை பறந்து வந்ததை விளம்பரம் சொல்வதில்லை. அது கிடக்கட்டும்.

அவ்விளம்பரங்களை வாசிக்கிறவர்களில் அநேகர் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் பிழைக்க வந்தவர்கள். ஏரிக்கரை வீடு எட்டாவிட்டாலும், ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டை வாடகைக்குப் பிடித்து, "அப்பா, இனி அங்கே தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள்" என்று அழைக்கிறார்கள். தாய் வருகிறார். தகப்பன் வருவதில்லை, வந்தாலும் பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு மாரிக்குப்பம் இரயிலைத் தேடுகிறார். சாம்பியன் ரீப்ஸ் லைன்களில் இப்படிப்பட்ட தகப்பன்மார் இன்னும் அநேகர் உண்டு. பிள்ளைகள் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். இதைப் பிடிவாதம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது.

அந்த ஊரின் வரலாற்றை அறிந்தால் அந்த மனிதரை அறியலாம். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்க வேலையை ஏற்றபின், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து எளிய குடும்பங்கள் கூட்டங்கூட்டமாய் அங்கே சென்றன. நிலமற்றவர்கள், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்களிலே மிகுதி. மூங்கில் தட்டியும் தகரமும் கொண்டு வரிசையாய் அமைக்கப்பட்ட குடிசைகளே முதல் லைன்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டில் மின்சாரம் வந்தது. அது சுரங்கத்துக்கு வந்தது. தொழிலாளியின் குடிசைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று அக்காலத்தில் பெயர் பெற்றது. அதன் அடித்தளங்களில் பாறையே 60 பாகை செல்சியஸுக்கு மேல் கொதித்தது. 1965ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அந்த ஆழத்தில் கருவிகளை வைத்து நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். உலக அறிவியலில் இடம்பெற்ற செய்தி அது. அவர்களுக்குப் பாறை ஒரு கவசம். கேஜில் இறங்கிய நமது பெரியவர்களுக்கோ எப்பொழுது வெடிக்கும் என்று தெரியாத பகைவன். "ஏர் பிளாஸ்ட்" என்று அவர்கள் அழைத்த பாறை வெடிப்பு நிகழும்போது மேலே லைன் வீடுகளின் பாத்திரங்கள் உருண்டன. வீட்டிலிருந்த பெண்கள் ஷிப்டுக்குப் போன கணவனின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஷாப்டை நோக்கி ஓடினார்கள்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று பெயர் பெற்றன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு எல்லாம் மூடப்பட்டது. ஆகவே சாம்பியன் ரீப்ஸில் ஓய்வு என்பது மற்ற ஊர்களைப்போல் ஒவ்வொருவருக்கும் அவரவர் வயதில் வரவில்லை. 58 வயதானவருக்கும் 38 வயதானவருக்கும் ஒரே நாளில் வந்தது. மாலை அணிவித்து, கடிகாரம் பரிசளித்து, வீடு வரை கொண்டுபோய் விடும் வழக்கமான பிரியாவிடை பலருக்கு வாய்க்கவில்லை. மறுநாள் காலை சங்கு ஒலிக்கவில்லை. அவ்வளவே.

நெய்வேலியிலும் இரயில்வே காலனிகளிலும் வாழ்ந்த வாசகர்கள் ஒரு வேறுபாட்டை உடனே காண்பார்கள். அங்கே ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸின் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். அதற்காகவே முன்கூட்டி எங்கேயாவது ஒரு மனை வாங்கிப்போடுவார்கள். தங்கவயலிலோ தொழிலாளி வீட்டை விட்டுப் போவதற்கு முன்னே கம்பெனி போய்விட்டது. சாவி தொழிலாளியின் கையிலேயே இருக்கிறது, பத்திரம் இல்லை. பாட்டனார் இருந்த வீடு, தகப்பன் இருந்த வீடு, தான் பிறந்த வீடு. ஆயினும் தன் வீடு என்று எழுத்தில் சொல்ல இயலாத வீடு. குடியிருப்போர் பெயருக்கே வீடுகளை எழுதித்தர வேண்டும் என்ற கோரிக்கை சுரங்கம் மூடப்பட்ட காலந்தொட்டு எழுப்பப்பட்டு வருகிறது. அந்த நிலையில் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு போய்விட்டால், பிறகு யார் எதைக் கேட்பார்கள் என்ற அச்சம் பெரியவரின் உள்ளத்தில் உண்டு. அவர் அதை வாய்விட்டுச் சொல்லாமல், "எனக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லுகிறார்.

தண்ணீர் என்றதும் பேத்தமங்கலம் ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் பாலாற்றின் குறுக்கே அமைந்த பழங்கால ஏரி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கக் கம்பெனியார் அங்கே நீரேற்று நிலையம் அமைத்து, வடிகட்டிய நீரைக் குழாய் வழியாய்ச் சுரங்கத்துக்கும் ஊருக்கும் கொண்டுவந்தார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஏரியின் நீரைக் குடித்து வளர்ந்தவர்களே. வெள்ளைக்கார அதிகாரிகளோ விடுமுறை நாட்களில் அங்கே சென்று படகோட்டி மகிழ்ந்தார்கள். தொழிலாளிக்கு ஏரி குழாயில் வந்தது. அதிகாரிக்கு ஏரி ஏரியாகவே இருந்தது.

இன்று பணியும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர் பேருந்தேறி அந்தக் கரைக்குப் போய் அமருகிறார்கள். நீர் இருக்கும் ஆண்டுகளில் மீன் வாங்கி வருகிறார்கள். நீர் வற்றிய ஆண்டுகளில் வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2021 நவம்பர் மாதப் பெருமழையில் ஏரி நிரம்பி வழிந்தபோது, அதைப் பார்க்கத் தங்கவயல் ஜனங்கள் திரண்டு போனார்கள். அங்கே வழிந்த நீர் எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆந்திராவின் குப்பம் பகுதியைக் கடந்து வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் போகிறது. எந்தப் பாலாற்றங்கரைக் கிராமங்களிலிருந்து நமது முன்னோர்கள் வறுமைக்குத் தப்பி மேட்டுக்கு ஏறி வந்தார்களோ, அந்தக் கிராமங்களுக்கே ஏரி நீர் இறங்கிப் போகிறது. பெரியவர்கள் அக்கரையில் அமர்ந்து மணிக்கணக்காய்ப் பேசுவதற்கு இதைவிட வேறு பொருள் வேண்டுமோ?

அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை நகரத்தார் சோம்பல் என்று நினைப்பதுண்டு. சங்கு நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் முதல் ஷிப்டு நேரத்திலேயே விழித்துக்கொள்ளுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளானால் குடங்களை வரிசையில் வைப்பது அவர்கள் வேலை. வராத நாளில் டேங்கருக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு தேநீர்க்கடை, ஒரே நாளிதழைப் பத்துப்பேர் பங்கிட்டு வாசித்தல், இராபர்ட்சன்பேட்டைச் சந்தைக்கு ஒரு நடை. மாலையில் மைதானத்தில் இளைஞர் கால்பந்து ஆடினால், ஓரத்தில் நின்று திட்டுவதும் பாராட்டுவதும் இவர்களே. லைனில் ஒரு மரணம் நிகழ்ந்தால் பந்தலுக்குக் கம்பு தேடுவது முதல் கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் அழைப்பது வரை இவர்கள் பொறுப்பு. சுரங்கத்தில் ஒருவர் உயிரை ஒருவர் காத்தவர்கள் ஆதலால், மேலே வந்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இப்படிப்பட்டவரைப் பெங்களூரில் நான்காம் மாடியில் கொண்டுபோய் வைக்கிறோம். மகனும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு. எதிர்வீட்டுக் கதவு எப்பொழுதும் மூடியிருக்கிறது. தொலைக்காட்சி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவரைத் தேடி வர ஒருவரும் இல்லை. தாய்க்கு இந்தத் துன்பம் குறைவு. பேரப்பிள்ளையும் சமையலறையும் அவருக்கு உடனே ஓர் இடத்தைக் கொடுத்துவிடுகின்றன. 2023 ஜூனில் கர்நாடகத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், தாய்மார் தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் இடையே ஊசிநூல் போலப் போய்வருகிறார்கள். தகப்பன்மாருக்கு அந்தச் சலுகையும் இல்லை!

வேதத்தில் இதற்கு ஒத்த ஒரு சம்பவம் உண்டு. அப்சலோமுக்குத் தப்பியோடிய நாட்களில் தாவீதைப் பராமரித்த கீலேயாத்தியனாகிய பர்சிலாவை, ராஜா தன்னோடு எருசலேமுக்கு வரும்படி அழைக்கிறார். எண்பது வயதுள்ள பர்சிலா மறுத்துவிடுகிறார். உணவின் ருசியும் பாட்டின் ஓசையும் தனக்கு இனித் தெரியாது, ராஜாவுக்குப் பாரமாக இருப்பானேன், தாய் தகப்பன் கல்லறையண்டையில் என் ஊரிலே மரிக்கிறேன் என்பது அவர் சொன்னதன் சாரம். நாம் இதைப் பிரசங்கிக்கும்போது பர்சிலாவின் தாழ்மையைச் சொல்லுகிறோம். தாவீது செய்ததைக் கவனிப்பது குறைவு. அவர் கட்டாயப்படுத்தவில்லை, கோபிக்கவும் இல்லை. முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினார். பர்சிலா காட்டிய கிம்காமை மட்டும் தன்னோடு அழைத்துக்கொண்டார். தன் மரண நாளிலும் பர்சிலாவின் குமாரரை மறவாமல் சாலொமோனுக்குக் கட்டளையிட்டார். வயதானவர் தம் ஊரில் இருந்தார், உறவு அறுந்துபோகவில்லை.

ஆனால் ஊரிலேயே விட்டுவிடுவது என்பது கைவிடுவதாகிவிடக் கூடாது. இரண்டு காரியங்களில் பிள்ளைகள் கண்டிப்பாய் இருக்க வேண்டும்.

முதலாவது மூச்சு. பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் தங்கவயலின் பழைய பகை. 1940களில் அங்கே நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்தபின்னும் அது தலைகாட்டும். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. அந்நோயுள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். எனவே "அப்பாவுக்குப் பழைய இருமல்தான்" என்று விட்டுவிடாதிருங்கள். மார்புப் படமும் சளிப் பரிசோதனையும் செய்வித்து, அவர் எத்தனை ஆண்டுகள் சுரங்கத்துக்குள் வேலை செய்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இளம் மருத்துவர் ஆஸ்துமா என்றே நினைப்பார். சாம்பியன் ரீப்ஸிலிருந்த பெரிய சுரங்க மருத்துவமனை சுரங்கத்தோடு மூடப்பட்டு, இருபது ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. 2021 மே மாதம் கொரோனா நோயாளிகளுக்காகத் தொண்டர்கள் அதைக் கூட்டிக் கழுவி ஆயத்தம் செய்தார்கள். ஆபத்து வந்தபோது அந்தப் பழைய கட்டிடம்தானே நினைவுக்கு வந்தது!

இரண்டாவது காகிதம். வீடு ஒதுக்கப்பட்ட கடிதம், வருங்கால வைப்புநிதி எண், ஓய்வூதிய ஆணை, பணி முடிவுத் தொகை பெற்ற சான்று ஆகியவை தகரப் பெட்டியில் மடிந்து கிடக்கும். அடுத்த முறை போகும்போது அவற்றை நகலெடுத்து ஒரு தொகுப்பு நீங்களும் வைத்திருங்கள். ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். விரல் ரேகையை வைத்து அதைப் பதிவு செய்யும் முறை 2014 முதல் வந்திருக்கிறது. ஆனால் பாறையைப் பிளந்த கைகளின் ரேகை இயந்திரத்துக்கு எளிதில் பிடிபடுவதில்லை. கூடவே ஒருவர் போக வேண்டியிருக்கிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. சிறு தொகைதான். ஆனாலும் பிள்ளையிடம் கை நீட்டாமல் பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் மரியாதை அதில் இருக்கிறது. கணவனுக்குப்பின் மனைவிக்கும் அத்திட்டத்தில் ஓய்வூதியம் உண்டு. ஆணையில் தாயின் பெயரும் வயதும் சரியாய் இருக்கின்றனவா என்று இப்பொழுதே பாருங்கள். துக்க வீட்டில் அதைத் தேட முடியாது.

தங்கவயலைச் சுற்றிலும் சயனைடு மண்மேடுகள் மலைபோல் நிற்கின்றன. அவை ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன். ஆடிக்காற்றில் அந்த மண் பறந்து தட்டில் இட்ட சோற்றிலும் படிகிறது. 13 மேடுகளிலிருந்து மீந்த தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மேடுகளைக் கிளறும்போது தூசியை அடக்க என்ன செய்வார்கள், லைன் வீடுகளின் நிலை என்னவாகும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை உண்டா என்று பெரியவர்கள் தேநீர்க்கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இக்கேள்விகளை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மனுவாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை புறப்பட்டால் சாம்பியன் நிலையத்தில் இறங்கி லைனுக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிறு ஆராதனைக்குப்பின் பெரியவரோடு ஒரு முறை பேத்தமங்கலம் கரைக்குப் போய்வாருங்கள். அந்தத் தகரப் பெட்டியை அவரே திறந்து காட்டுவார்.