ஓடும் வழியில் நின்றுபோகும் இயந்திரம்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மோட்டார் வாகனத்தின் பழுது பற்றிய அறிவு நமது பல்கலைக்கழக வட்டங்களில் பொறியியலாளருக்கு மட்டுமே உரியதெனக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆனால் பழுதின் காரணத்தைக் கண்டறிதல் அடிப்படையில் ஓர் அறிவுமுறைப் பிரச்சினையாகும். தோற்றத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழி யாது, அவ்வழியை அறிந்தோர் யார், தவறான முடிவுக்கு விலைகொடுப்போர் யார் என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. ஓடிக்கொண்டிருக்கையில் இயந்திரம் நின்றுபோதலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை நோக்குவோம்.

புத்தளத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் மீனும் மரக்கறியும் களப்புக் கரையின் உப்பும் லொறிகளிலேயே வெளிச்சந்தைகளுக்குச் செல்கின்றன. முச்சக்கர வண்டியோ வானோ ஓட்டிப் பிழைப்பவருக்கு வாகனம் நிற்பதென்பது அன்றைய வருமானம் நிற்பதாகும். 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும், 2020 மார்ச்சில் தொடங்கி 2025இன் தொடக்கம் வரை நீடித்த வாகன இறக்குமதித் தடைக் காலத்திலும், பழைய வாகனங்களை ஓடவைத்தவர்கள் சிறு கராஜ்களின் தொழிலாளரே. எனவே இவ்வறிவின் சமூகப் பெறுமதி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

1876இல் ஒட்டோ உருவாக்கிய நான்கடிப்பு இயந்திரத்தின் தத்துவமே இன்றைய பெற்றோல் வாகனங்களுக்கும் அடிப்படை. எரிபொருள், காற்று, உரிய நேரத்துத் தீப்பொறி, போதிய அமுக்கம் ஆகிய நான்கும் ஒருங்கே அமையவேண்டும். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கள் சுழலும் நான்கு உருளை இயந்திரத்தில் வினாடிக்கு நூறு தடவை எரிதல் நிகழவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே ‘நின்றுவிட்டது’ என்னும் செய்தி மட்டும் நமக்கு எதனையும் உணர்த்துவதில்லை. எவ்வாறு நின்றது, எந்நிலையில் நின்றது என்பனவே முக்கியமானவை.

சாவியைத் திருப்பி நிறுத்தியது போலச் சட்டென நின்றால் முதலில் மின்சுற்றை ஐயுறவேண்டும். பழைய வாகனமாயின் கொயிலும் கண்டென்சரும், புதியதாயின் கிராங்க் தண்டின் நிலையை உணரும் சென்சரும் ரிலேயும் கவனத்துக்குரியன. இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றால் எரிபொருள் வரும் வழியை நோக்கவேண்டும். வடிகட்டி அடைபட்டிருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம், தாங்கி மூடியின் காற்றுத்துளை மூடுண்டிருக்கலாம். மூடியைத் திறக்கையில் காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன்பின் இயந்திரம் வழமைபோல் இயங்குமாயின் இறுதியாகக் கூறியதே பெரும்பாலும் காரணமாகும். டீசல் வாகனமாயின் குழாயில் காற்றுப் புகுதலையும் எரிபொருளில் நீர் கலத்தலையும் சேர்த்து நோக்கவேண்டும். வேகம் தணிக்கையில் மட்டும் நின்றால், காற்று புகும் வாயிலில் படிந்த கரியும் வெடித்த இறப்பர்க் குழாயும் ஆராயப்படவேண்டும்.

சூடேறியபின் நின்று, ஆறியபின் இயங்கும் வாகனமே பலரையும் குழப்புவது. கொயிலின் அல்லது சென்சரின் நுண்கம்பி வெப்பத்தில் விரிந்து தொடர்பை இழத்தல் கூடும். காபரேற்றர் வாகனத்தில் பெற்றோல் குழாயினுள்ளேயே ஆவியாதலும் கூடும். நின்ற உடனேயே பிளக்கில் பொறி எழுகிறதா எனச் சோதித்தால் இவ்விரண்டையும் பெரும்பாலும் வேறுபடுத்தலாம். ஆறிய வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுசென்றால் அங்கு சோதிப்பதற்கு எந்தக் குறையும் எஞ்சியிராது.

ஓட்டத்தில் இயந்திரம் நிற்கையில் உயிராபத்தும் நேரலாம். பிரேக்கின் துணைவிசை ஓரிரு அழுத்தங்களுக்கே எஞ்சும், சுக்கானும் கனத்துவிடும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதியாது, ஒரே சீராக அழுத்தி ஓரங்கட்டவேண்டும். வாகனம் நிற்கும் வரை சாவியை வெளியே எடுத்தலாகாது. எடுத்தால் சுக்கான் பூட்டிக்கொள்ளும்.

இனிக் கரையோரத்தின் தனித்தன்மைக்கு வருவோம். உப்புக் காற்றின் ஈரம் செப்புத் தொடுப்புக்களில் பச்சைக் களிம்பைப் படியச் செய்கிறது. வேறுபட்ட உலோகங்கள் சேருமிடத்தில் அரிப்பு விரைவுபெறுகிறது. பற்றரியிலிருந்து வாகன உடலுக்கும் இயந்திரத்துக்கும் செல்லும் நிலத்தொடுப்பு இதனாற் பெரிதும் பாதிக்கப்படுகிறது. இயந்திரத்தைச் சுழற்றும்போது பற்றரியின் மறைமுனைக்கும் இயந்திர உடலுக்குமிடையே அரை வோல்ற்றுக்கு மேல் வேறுபாடு காணப்படின் தொடுப்புப் பழுதென்று கொள்ளலாம். திருத்துவதற்குத் தேவைப்படுவது அரத்தாளும் சாவியும் சிறிது நேரமுமே.

கணனிக் கருவி காட்டும் குறியீட்டையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளவேண்டும். ‘பீ 0335’ என்னும் குறியீடு கிராங்க் சென்சரின் மின்சுற்றில் கோளாறு என்றே கூறுகிறது. சென்சர் பழுதென்று கூறவில்லை. சுற்று எனில் சென்சரும் கம்பியும் தொடுப்பும் கணனியும் அதனுள் அடங்கும். தொடுப்பிலுள்ள களிம்பைத் துடைக்காது புதிய சென்சரைப் பூட்டினால் விற்பவருக்கு இலாபம். வாங்கியவரின் வாகனமோ மீண்டும் வழியில் நிற்கும். இங்கு தோற்றத்தைக் காரணமாகக் கொள்ளும் அறிவுப் பிழையும் உதிரிப்பாகச் சந்தையின் நலனும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

இதனாற் கராஜ் அனுபவத்தை விமர்சனமின்றிப் போற்றுதல் தகும் என்பதன்று. அளவிடாது ஊகித்து ஒவ்வொரு பாகமாக மாற்றும் பழக்கம் அங்கும் உண்டு. கருவியின் அளவீடும் கைத்தொழிலாளரின் கூர்நோக்கும் இணையும்போதே உண்மையான காரணம் புலப்படும். இன்று அவ்விணைப்புக்குப் பெருந்தடையாயிருப்பவை, தயாரிப்பாளரின் தொழினுட்பக் கையேடுகள் விலைபொருளாயிருத்தலும், தொழிலாளரின் அனுபவம் எழுத்தேறாதிருத்தலுமாகும். அவ்வனுபவத்தைத் தமிழில் பதிவுசெய்து, தொழினுட்பக் கல்லூரி மாணவருக்கும் வாகனம் ஓட்டிப் பிழைப்போருக்கும் பொதுவுடைமையாக்குதல் தமிழாய்வின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.