பழைய கேமரா வாங்கப் போகிறீர்களா? நம் முகத்தில் சோதித்துப் பாருங்கள்!

கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. பாட்டி முதல் பேரன் வரை சுற்றி உட்கார்ந்து புரட்டுகிறார்கள். மாப்பிள்ளையின் வேட்டி பளிச்சென்று இருக்கிறது. முகம் மட்டும் கருத்துக் கிடக்கிறது. மணப்பெண்ணின் சிவப்புப் பட்டில் ஒரு ஜரிகைப் பூவையும் காணோம்; சாயம் பூசியது போல ஒரே செக்கச்செவேல். தாலி கட்டும் நேரத்துப் படமோ கலங்கிப் போயிருக்கிறது. யாரை நோவது? படம் சரியில்லை என்று கல்யாணத்தை இன்னொரு முறை நடத்த முடியுமா?

இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் இளைஞர்கள் பலர், வேலை நேரம் போகக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று படம் எடுத்து நாலு காசு பார்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். அவர்களுக்குக் கை கொடுப்பது, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்கும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள். கேமரா நிறுவனங்கள் கண்ணாடி இல்லாத புதுவகைக் கருவிகளுக்கு மாறிவிட்டதால், பழைய எஸ்.எல்.ஆர். கருவிகளின் விலை இறங்கிவிட்டது. விலை இறங்கியது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. கேமராவை எப்படி எடைபோடுவது என்று இங்கே பார்ப்போம்.

கண்ணாடி செய்யும் வேலை

எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி, நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்குகிறது, ஷட்டர் திறக்கிறது, பின்னால் உள்ள சென்ஸார் என்னும் தகட்டில் வெளிச்சம் விழுகிறது. அந்தக் காலத்தில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்ஸார் இருக்கிறது, அவ்வளவுதான்.

1991-இல் கோடாக் நிறுவனம், நிக்கோன் எஃப்3 கேமராவைக் கொண்டு இப்படி ஒரு டிஜிட்டல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அளவு வெறும் 1.3 மெகாபிக்செல். விலையோ பெரிய பத்திரிகை நிறுவனங்களே யோசிக்கும் விலை. 2003-இல் கேனன் நிறுவனம் 6.3 மெகாபிக்செல் கொண்ட இயோஸ் 300டி என்னும் கருவியை 1,000 அமெரிக்க டாலருக்கும் குறைவாக விற்ற பிறகுதான் இவ்வகைக் கேமரா சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டியது.

உதாரணத்துக்கு இரண்டு கருவிகள்

பேச்சு பொதுவாகப் போனால் பயனில்லை. பழைய சரக்கில் கிடைக்கும் இரண்டு நிக்கோன் கருவிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2008-இல் வெளிவந்த டி90, 12.3 மெகாபிக்செல். வெளிவந்தபோது லென்ஸ் இல்லாமலே ஏறத்தாழ 1,000 அமெரிக்க டாலர். மற்றொன்று 2018-இல் வந்த டி3500, 24.2 மெகாபிக்செல். இது புதிதாகப் படம் பழகுவோருக்கென்று மலிவாகச் செய்யப்பட்டது. முன்னது வயதான உயர்தரக் கருவி. பின்னது இளைய எளிய கருவி. இரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது. இவற்றில் எது நல்லது?

“24 பெரிதா, 12 பெரிதா? இதிலென்ன கேள்வி!” என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சற்றுப் பொறுங்கள். ஆல்பத்தில் ஒட்டும் 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படத்தை நன்றாக அச்சடிக்க, சுமார் 2 மெகாபிக்செல் போதும். 12-க்கு 8 அங்குலப் பெரிய படத்துக்கு ஏறத்தாழ 9 மெகாபிக்செல். டி90 அதையும் தாண்டி நிற்கிறது. சுவரில் மாட்டும் 20 அங்குலப் படம் வேண்டும், அல்லது கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்க வேண்டும் என்றால் 24 உதவும். ஆகவே மெகாபிக்செல் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உண்மையான சோதனைக்கு வருவோம்.

வேட்டி, பட்டுச்சேலை, முகம்

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் கணக்குப் போடும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் படத்தை நிறைத்தால், “அப்பப்பா, எவ்வளவு வெளிச்சம்!” என்று அது பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நம்மவரின் மாநிற முகம் இன்னும் இருண்டுவிடும். பின்னால் கறுப்புத் திரை இருந்தாலோ நேர்மாறாக நடக்கும். முகம் வெளிறிப் போகும். இது ஆளின் குறையுமல்ல, நிறத்தின் குறையுமல்ல. கணக்கின் குறை. கேமராவில் உள்ள பிளஸ்-மைனஸ் பொத்தானைக் கொண்டு இதைத் திருத்தலாம்.

சிவப்புப் பட்டின் கதை வேறு. சென்ஸார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களாக வெளிச்சத்தை அளக்கிறது. பிரகாசமான சிவப்புச் சேலையில் சிவப்பின் அளவு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த பிறகு மடிப்பும் தெரியாது, ஜரிகையும் தெரியாது. நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ அமைப்பில் எடுத்தால் கேடு இன்னும் அதிகம். இதற்கு மருந்து, வெளிச்சத்தைச் சிறிது குறைத்து, ‘நியூட்ரல்’ அல்லது ‘போர்ட்ரெய்ட்’ அமைப்பில் எடுப்பது.

இங்கேதான் சிக்கல். முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். சேலைக்குக் குறைக்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் அருகருகே நின்றால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் வேட்டியும் சேலையும் வழியாதபடி வெளிச்சத்தைக் குறைத்து, ‘ரா’ என்னும் பதப்படுத்தாத கோப்பாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு கணினியில் முகத்தை மட்டும் வெளிச்சமாக்குவார்கள். அப்படித் தூக்கும்போது முகத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வந்தால் அந்தச் சென்ஸார் சுமார். முகம் தெளிவாக எழுந்து வந்தால் அது நல்ல சென்ஸார். இந்தப் பரீட்சையில் பத்து வயது இளைய டி3500 தெளிவாக முந்துகிறது. டி90 பகல் வெளிச்சத்தில் அருமையான நிறம் தரும். ஆனால் இருட்டிலிருந்து அதிகமாகத் தூக்கினால் முனகும்.

ஆகவே கேமரா பார்க்கப் போகும்போது, வெள்ளைச் சட்டை போட்ட தம்பி ஒருவரையும், அம்மாவின் ஜரிகை வைத்த சிவப்புச் சேலையையும் உடன் கொண்டு போங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்! பூந்தொட்டியை நூறு படம் எடுத்துப் பார்ப்பதைவிட இந்த ஒரு படம் அதிகம் சொல்லும்.

கோயில் வெளிச்சத்தில்

அடுத்தது இருட்டு. தைப்பூச விடியலில் பத்துமலையின் 272 படிகளையும் ஏறி வரும் காவடியைப் படம் எடுப்பவருக்கு வெயில் கிடைக்காது. கருவறைப் பக்கம் எண்ணெய் விளக்கு, மண்டபத்தில் டியூப் லைட், வெளியே வண்ண விளக்கு.

வெளிச்சம் குறைந்த இடத்தில் ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறனைக் கூட்டுவோம். ஒரே முகத்தை 400, 800, 1600, 3200 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். கேமராவின் சிறு திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். பெரிதாக்கி, கண் இமையையும் தலைமுடியையும் பாருங்கள். டி90-இல் 800 வரை கவலையில்லை, 1600 ஏற்றுக்கொள்ளலாம், 3200-இல் புள்ளிகள் நன்றாகத் தெரியும். டி3500-இல் 3200-ஐயும் ஆல்பத்துக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். அத்தகைய விளக்கின் கீழ் 1/100 வினாடியைவிட வேகமாக எடுத்தால், ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்த படம் பச்சையாகவும் வரலாம். குறுக்கே பட்டையும் விழலாம். அதைக் கண்டு கேமரா கெட்டுப்போனது என்று எண்ண வேண்டாம். 1/100 அல்லது 1/50 வினாடியில் எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கையில் பிடித்துப் பாருங்கள்

படத்தின் தரம் பாதி. கைக்கு ஒத்து வருவது மறுபாதி. பேட்டரி இல்லாமல் டி90-இன் எடை 620 கிராம். டி3500 வெறும் 365 கிராம். முகூர்த்தத்தில் தொடங்கிப் பந்தி முடியும் வரை கழுத்தில் தொங்கும் பாரம் இது. பெண்களும் வயதானவர்களும் இலேசான கருவியையே விரும்புவார்கள்.

ஆனால் டி90-இல் சக்கரங்கள் இரண்டு. ஒரு விரலால் ஷட்டர் வேகத்தையும் மறு விரலால் லென்ஸின் துவாரத்தையும், கண்ணை எடுக்காமலே மாற்றலாம். டி3500-இல் ஒரே சக்கரம். துவாரத்தை மாற்ற இன்னொரு பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். தாலி கட்டும் நேரம் சில வினாடிகள்தானே! பொத்தானைத் தேடும் நேரத்தில் மூன்று முடிச்சும் விழுந்துவிடும்.

கண் வைத்துப் பார்க்கும் சாளரமும் டி90-இல் பெரிது, பிரகாசம் அதிகம்; அதில் இருப்பது உண்மையான கண்ணாடிப் பட்டகம். டி3500-இல் செலவைக் குறைக்கக் கண்ணாடித் துண்டுகளை வைத்திருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் சாளரத்தின் ஓரத்தில் உள்ள சிறு திருகைத் திருப்பித் தம் பார்வைக்குச் சரிசெய்துகொள்ளலாம். இதை அறியாமலே “மங்கலாகத் தெரிகிறது” என்று நல்ல கேமராவை ஒதுக்குபவர்கள் உண்டு.

மற்றொரு வேறுபாடு பணப்பையைத் தொடும். டி90-இன் உடலுக்குள் குவிய மோட்டார் இருக்கிறது. பழைய மலிவான ஏ.எஃப். லென்ஸ்களும் அதில் தானாகவே குவியும். டி3500-இல் அந்த மோட்டார் இல்லை. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால்தான் தானியங்கிக் குவியம்.

காசு கொடுக்கும் முன்

குவியம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, மைலோ டின் மூன்றை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாய்வாக வையுங்கள். லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, நடு டின்னைக் குறிவைத்து எடுங்கள். முன் டின்னோ பின் டின்னோ தெளிவாக வந்தால் குவியம் தவறுகிறது என்று பொருள். எஸ்.எல்.ஆர். கருவியில் குவியம் பார்க்கும் உறுப்பு வேறு, படம் பிடிக்கும் சென்ஸார் வேறு. அதனால் இந்தக் கோளாறு வரலாம். இந்த இரண்டு கருவிகளிலும் இதை நாமே திருத்தும் வசதி இல்லை. பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

பிறகு துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கி, வெளுத்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்ஸாரில் தூசி. அது துடைத்தால் போகும். லென்ஸைக் கழற்றி, டார்ச் விளக்கை அதன் வழியே அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் ஓடினால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது மிகப் பிடித்தமான வீடு. அத்தகைய லென்ஸை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். நிக்கோன் படக் கோப்பிலேயே அந்த எண் பதிந்திருக்கும், கணினியில் படித்துவிடலாம். டி90-இன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. 90,000-ஐத் தொட்ட கருவி என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

எதை வாங்கலாம்?

பகலில் பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக் காட்சி, பயணம் என்று எடுத்து, கையோட்டத்தைப் பழகிக்கொள்ள விரும்புபவருக்கு நல்ல நிலையிலுள்ள டி90 இன்றும் சிறந்த வாத்தியார். கோயிலும் கல்யாண மண்டபமுமே களம் என்றால், ஒற்றைச் சக்கரத்தைப் பழகிக்கொண்டு டி3500-ஐ வாங்குவதே புத்திசாலித்தனம். தவறவிட்ட நொடி போல, இருண்டுபோன முகமும் திரும்பி வராது. ஆனால் சக்கரம் பழக ஒரு மாதம் போதும்.

எதை வாங்கினாலும், கையிலுள்ள பணம் முழுவதையும் உடலில் கொட்டிவிடாதீர்கள். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் காசில்லை என்று நிற்கலாமா? எஃப் 1.8 துவாரமுள்ள 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். கேமராவுடன் வரும் சாதாரண லென்ஸை நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6 ஆகச் சுருங்கும், எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டி3500-க்கு என்றால், மோட்டார் உள்ள ‘ஜி’ வகை லென்ஸைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தது போலாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்து, வீட்டிலுள்ள பெரியவர்களை உட்கார வைத்து நாலு படம் எடுங்கள். கருவிக்கும் நல்லது, கைக்கும் பழக்கம், பாட்டிக்கும் ஒரு நல்ல படம் கிடைத்ததாக இருக்கும்.