ஓய்ந்து நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பேணும் முறை

இயங்கும் பொருள் தேயும், இயங்காது நிற்கும் பொருள் கெடாது என்பது பலர் மேலெழுந்தவாரியாகக் கொள்ளும் கருத்தாகும். இக்கருத்துப் பிழையென்பதை நம் இல்லங்களிலேயே காணலாம். நாள்தோறும் திறந்து மூடும் கதவின் கீல் வழவழப்பாக இருக்க, ஆண்டுக்கொருமுறை திறக்கும் அறையின் கீல் துருவேறிக் கிடக்கின்றது. மோட்டார் சைக்கிளும் இவ்வகையினதே. ஓடும் வண்டியின் தேய்வு ஓட்டுவோனுக்கு உடனே புலப்படும். நிற்கும் வண்டியின் கேடோ புலப்படாமலே வளரும். ஆகலின், நெடுநாள் ஓட்டாது நிறுத்தும் வண்டியைப் பேணுமாறு எங்ஙனம் என்பதனை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது விடுதிக் கொட்டகையில் வண்டியை விட்டுச் செல்லும் மாணவர்க்கும், அயல்நாடு செல்லும் பழைய மாணவர்க்கும் இது பயன்படுமென நம்புகின்றோம்.

எமது ஊர் கும்மிடிப்பூண்டியை அடுத்துள்ளது. சென்னையினின்று கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையருகே அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையில், எம் தந்தையார் போன்ற பல்லோர் ஷிப்டு முறையிற் பணி புரிகின்றனர். நள்ளிரவில் ஆலைக்குச் செல்வோர்க்கும், அங்கிருந்து மீள்வோர்க்கும் ரயிலும் பேருந்தும் எப்போதும் உதவுவனவல்ல; மோட்டார் சைக்கிளே அவர்தம் ஊன்றுகோல். இவ்வடபகுதிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவும் பழையதே. அந்நாளிற் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த திருவொற்றியூரில், 1955-ஆம் ஆண்டு தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனி, இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டிப் புல்லட் வண்டிகளை வெளியிடலாயிற்று. அங்ஙனம் வண்டி பிறந்த நிலத்திலேயே, அதனை ஓய்வில் வைக்கும் முறையை நம்மிற் பலர் அறிந்திலேம் என்பது வருந்தத்தக்கது.

யாம் பட்டறிந்த நிகழ்ச்சிகள் இரண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. எம் தந்தையாரின் வண்டி வாசல் வேம்பின் கீழ், பிளாஸ்டிக் தாளாற் போர்த்தப்பெற்று நின்றது. அப்போது சிறுவராயிருந்த யாம், வண்டிக்கு நன்மை செய்வதாக எண்ணி, நாள்தோறும் காலையில் அதனை இரண்டு நிமிடம் முடுக்கி நிறுத்துவோம். ஊரடங்கு தளர்ந்து ஆலையினின்று அழைப்பு வந்த இரவில் வண்டி எழவில்லை. தந்தையார் நடந்தே சென்று, காலந்தாழ்ந்தமையால் வாயிலிலிருந்தே திரும்பினார். பல வாரம் வருவாயின்றி இருந்த எம் இல்லத்தில் அவ்வொரு நாட்கூலி சிறியதன்று. மெக்கானிக் எஞ்சின் ஆயிலை வடித்துக் காட்டியபோது, அது பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. எமது காலை வழிபாடே அக்கேட்டுக்குக் காரணம் என்பதை அன்றுணர்ந்தோம்.

மற்றொன்று எம் தாய்மாமனார்க்கு நேர்ந்தது. குவைத்தில் இரண்டாண்டு பணி செய்து விடுப்பில் வந்த அவர், மாட்டுக் கொட்டிலில் நின்றிருந்த தம் வண்டியை எடுத்துக் காற்று மட்டும் அடைத்துக்கொண்டு நெடுஞ்சாலையிற் புறப்பட்டார். கவரைப்பேட்டைக்கு அருகில் முன் டயர் வெடித்தது. அவர் விழுந்து காலெலும்பு முறிந்தார். படுக்கையிற் கிடக்கையில் விடுப்புக் கடந்தது. அயல்நாட்டு வேலையும் கைவிட்டுப் போயிற்று. அந்த டயரின் பக்கங்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் நிறைந்திருந்ததைப் பின்னரே கண்டோம்.

குளிர் மிகுந்த மேலை நாடுகளில், பனிக்காலம் வந்ததும் வண்டியை உள்ளே நிறுத்தி, வேனில் வந்தபின் வெளியில் எடுப்பர். ஆண்டுதோறும் நிகழ்வதாதலின், அங்கு அது தந்தை மகனுக்குக் கற்பிக்கும் வழக்கமாயிற்று. நமக்கோ பனிக்காலம் இல்லை. நம் வண்டிகள் நோயாலோ, தேர்வாலோ, அயல்நாட்டுப் பயணத்தாலோ முன்னறிவிப்பின்றி நின்றுவிடுகின்றன. வழக்கமாக வாராத ஒன்றை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. மேலும், பழவேற்காட்டுப் பக்கமிருந்து வீசும் உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும், ஆலைகளினின்று எழும் இரும்புத் தூளும் நம் பகுதிக்கே உரிய பகைகளாம்.

இனி முறைகளைக் கூறுவோம். முதலாவது, வண்டியைக் கழுவி நன்றாக உலர்த்தல் வேண்டும். சேறும் உப்பும் தூளும் படிந்த இடத்தில் ஈரம் தங்கும். ஈரம் தங்கிய இடத்தில் துரு பிறக்கும். செயினை மண்ணெண்ணெயாற் துடைத்து, உலர்ந்தபின் 90-ஆம் எண் கியர் ஆயிலைத் தடவுக. வர்ணம் பூசப்படாத இரும்புப் பகுதிகளிலும் மெல்லிதாக எண்ணெய் பூசுக. பிரேக் தட்டிலும் பிரேக் கட்டைகளிலும் மட்டும் ஒரு துளி எண்ணெயும் படலாகாது. பட்டால் வண்டி நில்லாது.

இரண்டாவது, பெட்ரோல். இக்காலத்துப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகின்றது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஈரம் அளவு கடந்தால், நீரும் எத்தனாலும் ஒன்றுகூடிப் பெட்ரோலினின்று பிரிந்து டாங்கின் அடியிற் தங்கும். டாங்கு உட்புறம் துருவேறும். டாங்கில் வெற்றிடம் குறையக் குறைய, உட்புகும் ஈரக் காற்றும் குறையும். ஆதலின், ஓரிரு திங்கள் நிறுத்துவதாயின், வெப்பத்தில் விரிவதற்குச் சிறிது இடம் விட்டு டாங்கை நிரப்பிவைத்தல் நன்று. பல திங்களாயின் முற்றும் வடித்துவிடுதல் நன்று. இரும்பு டாங்கின் உட்புறம் சிறிது எண்ணெய் படரச் செய்க. கார்ப்பரேட்டர் உள்ள பழைய வண்டிகளில், பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுதல் வேண்டும். இல்லையேல், கார்ப்பரேட்டர்க் கிண்ணத்தில் எஞ்சிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற கசடாய் இறுகி, நுண்ணிய துளைகளை அடைத்துவிடும்.

மூன்றாவது, எஞ்சின் ஆயில். ஓடித் தேய்ந்த ஆயிலில் கரியும் ஈரமும் அமிலப் பொருள்களும் கலந்திருக்கும். அவற்றோடு வண்டியை நிறுத்துதல் உள்ளுறுப்புகளை அரிக்கவிடுதலேயாம். எனவே புதிய ஆயிலை ஊற்றிச் சிறிது தொலைவு ஓட்டியபின் நிறுத்துக. பல திங்கள் நிற்குமாயின், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலைச் சிலிண்டரில் விட்டு, சாவியை அணைத்த நிலையிலேயே எஞ்சினை மெல்ல இரண்டு மூன்று முறை சுழற்றிப் பிளக்கை மீளப் பூட்டுக. சிலிண்டரின் சுவரில் எண்ணெய் படர்ந்து துருவைத் தடுக்கும். இதனைச் செய்து பழகாதவர் மெக்கானிக்கைக் கொண்டு செய்வித்தலே தக்கது.

இங்கு எமது பிழையின் விளக்கத்தையும் கூறுதல் தகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரும் உண்டாகின்றது. எஞ்சின் நன்கு சூடேறினால் அந்நீர் ஆவியாய் வெளியேறும். இரண்டே நிமிடத்தில் நிறுத்தினால், அது எஞ்சினுள்ளும் புகைக்குழாயிலும் நீராகவே தங்கும், ஆயிலோடு கலக்கும், முடுக்குவதற்குச் செலவான மின்சாரமும் பாட்டரிக்கு மீள்வதில்லை. ஆகலின், வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுக. அது இயலாதாயின் முடுக்காமலே விடுக. இரண்டுக்கும் இடைப்பட்டது எதுவும் நன்றன்று.

நான்காவது, பாட்டரி. பயன்படுத்தாவிடினும் அதன் மின்சாரம் சிறிது சிறிதாகக் குறையும். வெப்பம் மிக்க நாட்களில் விரைவிற் குறையும். கடிகாரம் முதலிய கருவிகளைக் கொண்ட புதிய வண்டிகளில் அவையும் ஓயாது மின்சாரத்தை உண்ணும். 12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரி முழு நிறைவில் ஏறக்குறைய 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 12.4-க்குக் கீழிறங்கினால் மின்னேற்றுக. குறைந்த நிலையிலேயே நெடுநாள் விட்டால், தகடுகளில் உப்புப் படிந்து பாட்டரி பயனற்றுப்போம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது நேர்முனையை முதலிலும் தொடுக. கழற்றி வைத்த பாட்டரிக்குத் திங்கள்தோறும் மின்னேற்றி வருக.

ஐந்தாவது, டயர். வண்டியின் எடை முழுவதும் ஒரே இடத்தில் அழுந்தினால் டயர் அவ்விடத்திற் தட்டையாகும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றைக் குறையாது காத்து, வாரம் ஒருமுறை சக்கரங்களைச் சிறிது சுழற்றி வைக்க. வெயில் படாதிருத்தல் மிக இன்றியமையாதது. ரப்பரை வெடிக்கச் செய்வது வெயிலே. டயரின் பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்கள் அதன் பிறந்தநாளாம். 3521 என்றிருப்பின், 2021-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்திற் செய்யப்பட்டது எனக் கொள்க.

ஆறாவது, நிறுத்துமிடம். பிளாஸ்டிக் தாள் மழையைத் தடுப்பினும், மண்ணினின்று எழும் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். கூரையின் கீழ்ப் பழைய பருத்தி வேட்டியே சிறந்த போர்வை. மாட்டுக் கொட்டில் ஆகாது. சாணம், கோமியம் இவற்றினின்று எழும் ஆவி உலோகத்தை அரிக்கும். எலி புகாதவாறு, ஆறிய புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, அதனை நினைவூட்ட ஒரு சீட்டைக் கைப்பிடியிற் கட்டிவைக்க.

ஓய்வு முடிந்து மீள எடுக்கும் நாளே பெரிதும் விழிப்பு வேண்டும் நாள். துணியை அகற்றுக, வயர்களையும் காற்று வடிகட்டியையும் எலி கடித்துளதா எனக் காண்க. டயரின் பக்கங்களை விரலால் மடக்கிப் பார்த்து, வெடிப்பிருப்பின் இரங்காமல் மாற்றுக. பிரேக்கைப் பிடித்துவிட்டபின் சக்கரம் தடையின்றிச் சுழல்கின்றதா என நோக்குக. பிரேக் திரவமும் ஈரத்தை ஈர்ப்பதாகலின், இரண்டாண்டு கடந்திருப்பின் மாற்றுதல் வேண்டும். கிளட்சைப் பிடித்து, கியரிலிட்டு வண்டியைத் தள்ளிப் பார்க்க. சக்கரம் இழுத்துப் பிடித்தால் கிளட்ச்சுத் தகடுகள் ஒட்டியுள்ளன என அறிக. இன்சூரன்சும் புகைச் சான்றும் வண்டி நின்ற காலத்தில் முடிந்திருத்தல் கூடும், அவற்றையும் நோக்குக. முதல் ஓட்டம் தெருவளவில், மெதுவாக நிகழ்க. நெடுஞ்சாலை மறுநாளைக்கு ஆகுக.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, எண்ணற்ற வண்டிகள் நீருள் நின்றன. நீரில் மூழ்கிய வண்டியை ஒருபோதும் முடுக்கலாகாது. காற்றைப்போல் நீர் அமுங்காது. சிலிண்டருள் நீர் இருக்கப் பிஸ்டன் எழுந்தால், கனெக்டிங் ராடு வளையும். பாட்டரியைக் கழற்றி, மெக்கானிக்கைக் கொண்டு நீரையும் ஆயிலையும் வடித்தபின்னரே முடுக்குதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்ய ஒரு பிற்பகலும் சில நூறு ரூபாயுமே செல்லும். செய்யாது விட்டதற்கு எம் தந்தையார் ஒரு நாட்கூலியையும், எம் மாமனார் ஒரு காலின் வலிமையையும் ஒரு வேலையையும் விலையாகக் கொடுத்தனர். இன்று மாமனார் ஊன்றுகோலோடு நடக்கின்றார். அவர் வண்டி பருத்தி வேட்டி போர்த்து எம் வீட்டுத் திண்ணையில் நிற்கின்றது. ஞாயிறுதோறும் அதன் சக்கரங்களை யாமே சுழற்றி வைக்கின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள், ரயிலேறுமுன் உங்கள் வண்டிக்கும் அப்பிற்பகலை ஒதுக்குவீராக.