சவரிமுத்து என்ற பெயர் எங்கிருந்து வந்தது?



ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளைக் கொண்டாடுகிறோம். அன்று காலைத் திருப்பலி முடிந்ததும் பெயர்கொண்ட விழா வாழ்த்துப் பெறுகிறவர்கள் நம் பங்குகளில் நிறையப் பேர் உண்டு. சவரிமுத்து, சவரிராஜ், சவரிநாதன், சவரியம்மாள், சேவியர் என்று பெயர்கள் பலவாக இருந்தாலும் விழா ஒன்றுதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர், கீரனூர், ஆலங்குடி, அறந்தாங்கி எனக் கத்தோலிக்கர் வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும் இப்பெயர்களில் ஒன்றையாவது கேட்காமல் திரும்புவது அரிது. ஆனால் இந்தச் "சவரி" என்பது என்ன சொல், அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் பெரும்பாலோர், "அது சவேரியார் பெயர்தானே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அது சரியான பதில்தான். ஆனால் சவேரியார் என்பதும் முதலில் ஒரு மனிதரின் பெயர் அல்ல, ஒரு வீட்டின் பெயர்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பிரான்சின் எல்லையை ஒட்டி நவார் என்ற பகுதி இருக்கிறது. அது அன்று தனி அரசாக இருந்தது. அங்கே பேசப்படும் பாஸ்க் மொழி ஸ்பானியத்தோடோ பிரெஞ்சோடோ உறவில்லாத பழைய மொழி. அம்மொழியில் "எச்செ" என்றால் வீடு, "பெர்ரி" என்றால் புதிது. "எச்செபெர்ரி" என்றால் புதுவீடு. நம் ஊர்களில் "புதுவீட்டுக்காரர்" என்று ஒரு குடும்பத்தைக் குறிப்பிடுவது போலத்தான். இந்தப் புதுவீடு ஸ்பெயினிலும் தென் அமெரிக்க நாடுகளிலும் எச்செவெரியா, சவாரியா போன்ற குடும்பப் பெயர்களாக இன்றும் வழங்குகிறது. 1970 முதல் 1976 வரை மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்த லூயிஸ் எச்செவெரியாவின் பெயரும் இதே புதுவீடுதான். நவாரில் ஒரு கோட்டைக்கும் அதைச் சூழ்ந்த சிற்றூருக்கும் இப்பெயர் அமைந்து, முன்னெழுத்து தேய்ந்து, "ஷவியேர்" என்று ஆயிற்று.

அந்தக் கோட்டையில் 1506 ஏப்ரல் 7 அன்று பிரான்சிஸ் பிறந்தார். அவருடைய தந்தை ஹுவான் தெ யாசோ, நவார் அரசரின் ஆலோசனைச் சபைத் தலைவர். தாய் மரியா தெ அஸ்பில்குவெத்தா. தந்தை வழியில் பார்த்தால் நம் புனிதரின் குடும்பப் பெயர் யாசோ. ஷவியேர் கோட்டை தாய் வழியில் வந்த சொத்து. வீட்டின் கடைக்குட்டியான பிரான்சிசை உலகம் அறிந்தது தாய் வீட்டுப் பெயரால்! இதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம்.

அந்த வீட்டுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1512இல் நவாரைக் காஸ்டில் அரசு கைப்பற்றியது. 1515இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே கோட்டையின் அரண்களையும் கோபுரங்களையும் இடிக்க ஆணை வந்தது. பத்து வயதுச் சிறுவன் தன் வீடு இடிபடுவதைப் பார்த்து வளர்ந்தான். 1525இல் படிப்புக்காகப் பாரிஸ் சென்றவர் பிறகு அங்கே திரும்பி வாழவே இல்லை. இஞ்ஞாசியாரின் தோழராகி, 1541 ஏப்ரல் 7 அன்று, தம் முப்பத்தைந்தாவது பிறந்த நாளில், லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். 1542 மே மாதம் கோவா வந்து, அவ்வாண்டு இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். 1545இல் நாகப்பட்டினம் வழியாக மயிலாப்பூர் சென்றார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே சான்சியன் தீவில் இறந்தார். மற்றவை நாம் திருநாள் மறையுரைகளில் கேட்டிருப்பவை. ஆகவே பெயரின் கதைக்குத் திரும்புவோம்.

அவர் நம் கரைக்கு வந்தது போர்த்துக்கீசியருடன். போர்த்துக்கீசிய மொழியில் அவர் பெயரின் முதலெழுத்தான எக்ஸை "ஷ" என்று ஒலிப்பார்கள். தமிழர் நாவில் "ஷ" எளிதாகச் "ச" ஆகும். மரியாதைக்கு "ஆர்" விகுதி சேர்ந்ததும் சவேரியார் ஆகிவிட்டார். ஸ்பெயினிலும் அக்காலத்தில் "ஷ" என்றே சொன்னார்கள். பின்னர் அவ்வொலி தொண்டைக்குள் இறங்கி "ஹ" போல ஆனது. 1815இல் ஸ்பானிய மொழிக் கழகம் எழுத்தையும் மாற்றியது. அதனால் இன்று அவர் பிறந்த மண்ணிலேயே அவர் பெயர் "ஹவியேர்"! அந்நாட்டில் ஆண்களுக்கு மிகப் பரவலாக இடப்படும் பெயர்களுள் இதுவும் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டு ஒலிப்புக்கு நெருக்கமானது ஸ்பானியரின் ஹவியேரா, நம் பாட்டிமார் சொன்ன சவேரியாரா என்று கேட்டால், நம் பாட்டிமார் பக்கமே தீர்ப்புச் சொல்லவேண்டும். "சேவியர்" என்பது இதற்கெல்லாம் பிந்தியது. ஆங்கிலப் பள்ளிகளும் ஆங்கிலேயர் ஆட்சியும் கொடுத்த ஒலிப்பு அது.

இனி, இப்பெயர் நம்மிடம் எப்படிப் புழங்குகிறது என்று பார்ப்போம். முத்துக்குளித்துறையில் 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவர்கள் போர்த்துக்கீசியரின் குடும்பப் பெயர்களையே ஏற்றார்கள். பர்னாந்து, மச்சாடோ, மிராண்டா, வாஸ், ரோச் என்று இன்றும் தூத்துக்குடிக் கரையில் அப்பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன. கோவாவிலும் அப்படியே. பிலிப்பைன்ஸ் நாட்டிலோ 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா ஓர் ஆணையிட்டு, அச்சிட்ட பெயர்ப்பட்டியலை ஊர்களுக்கு அனுப்பி, குடும்பப் பெயர் இல்லாதவர்களை எல்லாம் ஒன்றை ஏற்கச் செய்தார். அங்கே ஹவியேர் என்ற குடும்பப் பெயரும் உண்டு.

உள்நாட்டில் நடந்தது வேறு. 1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து வளர்ந்த மதுரை மறைப்பணித்தளத்தில் யாருக்கும் போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர் தரப்படவில்லை. மாறாக, மறைப்பணியாளர்களே தமிழ்ப் பெயர் ஏற்றார்கள். நொபிலி தத்துவ போதகர் ஆனார். நம் மாவட்டத்துக்குத் தெற்கே ஓரியூரில் 1693இல் இரத்தம் சிந்திய ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். வெனான்சியு பூஷே அடிகளார் பணியாற்றிய ஆவூர் இந்தப் பணித்தளத்தின் பழைய மையங்களுள் ஒன்று. இம்மரபில் வந்த நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களைத் தமிழாக்கியும் தமிழ் ஒலிக்கு மாற்றியும் பிள்ளைகளுக்கு இட்டார்கள். பேதுருவை இராயப்பர், பவுலைச் சின்னப்பர், இஞ்ஞாசியாரை இன்னாசி, அலோசியுசை ஞானப்பிரகாசம் என்றார்கள்.

சவேரியாரை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்திருந்தால் "புதுவீட்டார்" என்றல்லவா ஆகியிருக்கும்! ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்தார்கள். மாரிமுத்து, காளிமுத்து என்று அண்டை வீட்டில் பெயர் இருந்தது. நம் வீட்டில் மரியமுத்து, அந்தோணிமுத்து, சவரிமுத்து என்று ஆயிற்று. இராமநாதன், சுவாமிநாதன் என்ற வார்ப்பில் சவரிநாதன் வந்தது. ஊர் வழக்கத்தோடு ஒட்டியே இப்பெயர்கள் பிறந்தன என்பதை மறுக்க இடமில்லை. ஒரே தெருவில் மாரிமுத்துவும் மரியமுத்துவும் வளர்ந்ததில் யாருக்கும் வியப்பும் இருந்ததில்லை.

தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இப்பெயர் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, ஆசிரியர் 1876இல் மறையும்வரை உடனிருந்த கிறிஸ்தவ மாணவர் சவேரிநாத பிள்ளை. அவரைப் பற்றி உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் அன்போடு எழுதியிருக்கிறார். இலங்கையில் சவிரிமுத்து என்று ஓர் எழுத்து மாறி வழங்குகிறது. அங்கே 1913இல் பிறந்து, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாகக் காரணமாயிருந்த தனிநாயகம் அடிகளாரின் முழுப் பெயரிலும் சேவியர் இருக்கிறது.

ஆனால் நாம் பார்க்கும் மற்றொன்றும் உண்டு. நம் பங்குகளில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் சவரிமுத்துக்கள். ஐம்பது வயதுக்காரர்கள் சேவியர்கள். இப்போது திருமுழுக்குப் பெறும் குழந்தைகளிடம் இரண்டும் அரிதாகிவிட்டன. இதற்குக் காரணங்கள் பல. பெண்கள் கூந்தலில் வைத்துக் கட்டும் பொய்முடிக்குத் தமிழில் சவரி என்று பெயர். அதைச் சொல்லிப் பள்ளியில் கேலி செய்யப்படாத சவரிமுத்து இருந்திருக்க முடியாது. பெயர் எழுதும் எழுத்தர்கள் "சபரி" என்று மாற்றி எழுதிவிடுவதும் உண்டு. நகரத்துக்கு வேலைக்குப் போன இளைஞர்கள் சேவியர் என்று மாற்றிக்கொண்டதில் நாம் குறை காண்பதற்கில்லை.

திருச்சபைச் சட்டத்திலும் மாற்றம் வந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப்படுவதைப் பங்குத்தந்தை கவனிக்கவேண்டும். பெற்றோர் வேறு பெயரை வற்புறுத்தினால் அதனோடு ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்று மட்டும் கேட்கிறது. முன்பு பதிவேட்டுப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று இருந்தது. இப்போது வீட்டுப் பெயரே பதிவேட்டுக்கும் வந்துவிட்டது.

இதனால் வரும் சிக்கல் பங்கு அலுவலகத்துக்கு நன்கு தெரியும். ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாத்தாவின் பெயர் பழைய பதிவேட்டில் இலத்தீன் மொழியில் "பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ்" என்றிருக்கும். ஊரில் அவர் சவரிமுத்து. நிலப் பத்திரத்தில் சவரியான். மூத்த மகனைப் பள்ளியில் சேர்த்தபோது தந்தை பெயர் சவரிமுத்து, ஆகவே ஆங்கில முதலெழுத்து எஸ். இளைய மகனுக்கு வேறு ஆசிரியர் எழுதினார். தந்தை பெயர் சேவியர், முதலெழுத்து எக்ஸ். உடன்பிறந்தவர் இருவருக்கும் தாளில் இரண்டு தந்தையர்! தாத்தா இறந்து வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போகும்போதுதான் இது தெரிய வரும். நிலம் பாகம் பிரிக்க முடியாமல் இழுபறியாகும். உள்ளத்தில் ஒற்றுமை இருந்தும் தாளில் ஒற்றுமை இல்லாமல் சகோதரர்கள் மனத்தாங்கல் கொள்வதைப் பார்க்கிறோம்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துப் போதும். ஆனால் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகும் நம் பிள்ளைகள் பலர் அதில் தந்தை பெயரை எழுதுகிறார்கள். சில வேளை அது அப்படியே அடுத்த தலைமுறைக்கும் இறங்கிவிடுகிறது. வீட்டுப் பெயராயிருந்து, குடும்பப் பெயராகி, புனிதரின் பெயராகி, நம்மிடம் திருமுழுக்குப் பெயராகி, முதலெழுத்தாகச் சுருங்கிய சவரி, வெளிநாட்டில் மீண்டும் குடும்பப் பெயராகிறது. குழந்தைகளுக்குப் புதிதாக இடப்படாத பெயர் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நிலைத்து நிற்கிறது.

ஆகவே, வீட்டில் சவரிமுத்துத் தாத்தாவோ சவரியம்மாள் பாட்டியோ இருந்தால், அவர்கள் பெயர் எந்தத் தாளில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசின் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று. முதியவர்கள் பலருக்கோ கோயில் பதிவேட்டைத் தவிர வேறு எழுத்து இல்லை. அதில் உள்ளதைப் பங்குத்தந்தை தம் விருப்பப்படி அழித்து எழுத முடியாது. எழுதியுள்ளபடியே சான்றிதழ் தருவார். இலத்தீனில் உள்ள பெயரும் வழங்கும் பெயரும் ஒருவரையே குறிப்பன என்று தனிக் கடிதம் தேவைப்பட்டால், ஆதார் அட்டை நகலுடனும், அவரை நேரில் அறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவருடனும் அலுவலக நேரத்தில் வருவது நல்லது. பழைய பதிவேடுகளின் தாள்கள் புரட்டும்போதே உதிர்கின்றன. ஆகவே பெயரோடு, திருமுழுக்குப் பெற்ற ஆண்டும் ஞானப்பெற்றோர் பெயரும் தெரிந்தால் அவற்றையும் எழுதிக் கொண்டு வாருங்கள்.