கழுவினால் நிற்குமா?

சென்ற மாதம் ஒரு விற்பனை முகவர் கடைக்கு வந்து, கறுப்புப் பனியன் ஒன்றை மேசையில் விரித்தார். "நானா, இதை உடுத்தவரின் இருதயத் துடிப்பு பக்கத்திலுள்ள போனுக்கு வரும். அங்கிருந்து இன்டர்நெட்டில் எந்த நாட்டுக்கும் போகும். வயரே இல்லை. நூறு எடுங்கள், விலை பேசலாம்" என்றார்.

எனக்கு உடனே ராத்தாவின் நினைவுதான் வந்தது. இருதய நோயாளி. கல்முனையில் தனியாக இருக்கிறார், மகன் கட்டாரில்.

மாதிரிக்கு ஒன்றை வாங்கி வீட்டில் நானே போட்டுப் பார்த்தேன். அடுத்த அறையில் இருந்த போனுக்குத் துடிப்பு ஒழுங்காக வந்தது. பிறகு மனைவியிடம் கொடுத்து, மற்ற உடுப்பைப் போலவே சவர்க்காரத் தூள் போட்டு மூன்று முறை கழுவச் சொன்னேன். அதற்குப் பிறகு போனை மடியில் வைத்தால்தான் வந்தது.

முப்பது வருடம் புடவை விற்றவன் என்பதால் காரணத்தைத் தேடினேன். இந்தப் பனியனில் அன்டெனாவே துணிதான். வெள்ளி பூசிய நைலோன் துணியில் சிறு சதுரம் வெட்டி மேலே வைக்கிறார்கள். நடுவில் கம்பளிப் பெல்ட் துணி, அடியில் மீண்டும் வெள்ளித் துணி. அடித் துணி ஏன்? மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். அடித் துணி அதை மறைக்கிறது. புளூடூத் அலையின் நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர். அன்டெனா ஏறக்குறைய அதில் பாதி அளவில் இருக்க வேண்டும். துணி மடிந்தாலும் நனைந்தாலும் அந்தக் கணக்குப் பிழைக்கும். மின்புலத்தைப் பொறுத்தவரை காற்றை 1 என்று வைத்தால் காய்ந்த துணி 1க்கும் 2க்கும் இடையில், தண்ணீரோ 80 அளவில். வியர்வையை அதிகம் குடிக்கும் பருத்தி இந்த வேலைக்குத் தோதில்லை என்பது இதனால்தான். (நம் வெயிலுக்குப் பருத்திதான் சுகம், அது வேறு கதை.) கழுவும்போது வெள்ளிப் பூச்சும் உரசி உரசித் தேய்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடினால் கூடுதல் நாள் நிற்கும், ஆனால் அந்த இடம் புழுங்கும்.

வெட்டி ஒட்டாமல் தைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோன் வொலாகிஸ், அசிமினா கியூர்தி என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் மேசை எம்ப்ரொய்டரி மெஷினிலேயே அன்டெனா தைத்துக் காட்டினார்கள். 0.1 மில்லிமீற்றர் தடிப்பில், வெள்ளி பூசிய செப்பு நூல். ஒரு அன்டெனாவுக்குப் பத்தடி நூல், அமெரிக்கக் காசில் 30 சதம், 15 நிமிட வேலை. நம் தையல்காரர்களிடமும் எம்ப்ரொய்டரி மெஷின் இருக்கிறதே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூலை விட அளந்து சோதிக்கும் கருவிதான் விலை என்பது பிறகுதான் உறைத்தது.

முகவர் மறுபடி போன் எடுத்தார். எத்தனை தடவை கழுவிச் சோதித்தீர்கள், அந்தக் கடதாசி எங்கே என்று கேட்டேன். ரேடியோ பொருள் என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டேன். "கம்பனியிடம் கேட்டுச் சொல்கிறேன், நானா" என்றார். மூன்று கிழமை ஆகிறது.

ராத்தா மட்டும், "அந்தப் பனியன் என்னாச்சு தம்பி?" என்று விடாமல் கேட்கிறார். இப்போதைக்கு மருமகன் காலையும் மாலையும் கட்டாரிலிருந்து போன் எடுத்து விசாரிக்கிறார்.