புள்ளி கெடுத்த பதிவேடு

பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மெய்யோ உயிர்மெய்யோ என்பதைப் படிப்போர் பொருளறிந்தே துணிய வேண்டும். புள்ளி இன்மையால் வந்த இடர்ப்பாடு இது. புள்ளி இருந்தமையாலேயே ஓர் ஏடு சிதைந்த விந்தையை அண்மையில் வெள்ளவத்தையில் கண்டேன்.

என் பழைய மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். கொட்டாஞ்சேனையில் வாழ்ந்து மறைந்த அவர் தந்தையார் கடலிற் சுழியோடுவதில் வேட்கை மிக்கவர். மூழ்கியெழுந்த ஒவ்வொரு முறையும் நாள், நேரம், ஆழம், கண்ட காட்சி ஆகியவற்றைக் கணினி அட்டவணையொன்றில் எழுதிவைத்தவர். சுழியோடிகளுக்கென அமைந்த மென்பொருளொன்றில் அவற்றை ஏற்ற மைந்தர் முயன்றிருந்தார்.

"ஐயா, அப்பா எழுதிய தமிழ் முழுவதும் உடைந்துவிட்டது. பழைய கோப்பை அழித்துவிட்டு, எண்களை மட்டுமாவது வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்றார்.

"தம்பி, மூல ஏட்டை எரித்துவிட்டுப் படியைத் திருத்துவார் உண்டோ?" என்று தடுத்தேன்.

தந்தையார் பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தார். அவ்வெழுத்துருவில் வினாத்தாள் அடித்துப் பழகிய எனக்குக் காரணம் விரைவிற் புலனாயிற்று. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். மெய்ப்புள்ளிக்கு வாய்த்தது அரைப்புள்ளியின் இடம். மாணவர் ஆக்கிய கோப்பிலோ நிரல்களைப் பிரிக்கும் குறியும் அரைப்புள்ளியே. குறிப்புகளைப் பொதிந்து காத்த மேற்கோட் குறிகளையும் அவர் வீணெனக் களைந்துவிட்டார். எனவே மெய்யெழுத்துதோறும் ஒரு வேலி முளைத்தது. 'ஆழ்கடல்' என்ற ஒரு சொல்லே இரு வேலி பெற்றது!

மூல அட்டவணையிலேயே குறிப்புகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றினோம். பின்னர் டேப் எனும் தாவற்குறியால் நிரல்களைப் பிரித்துச் சேமித்தோம். தமிழ் பிழைத்தது.

எண்களும் பிழையற்றவை அல்ல. 100 என்ற ஆழத்தை மென்பொருள் மீட்டராகக் கொண்டிருந்தது. பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்கு வகுத்த எல்லை ஏறத்தாழ 40 மீட்டரே. தந்தையார் குறித்தது அடி; 100 அடி 30.5 மீட்டராகும். 03/04 என்பது ஏப்ரல் 3ஓ, மார்ச் 4ஓ? 25/04 என வேறோரிடத்தில் இருந்தமையால், நாளே முன்னிற்பது என்று துணிந்தோம்.

சில சுழியோடல்கள் அரைமணி வேறுபாட்டில் இருமுறை தோன்றின. 2006 ஏப்ரல் 15இல் இலங்கையின் நியம நேரம் அரைமணி பின்னே நகர்த்தப்பட்டது. தந்தையார் கையில் அணிந்த சுழியோடற் கருவியின் கடிகாரமோ பழைய நேரத்திலேயே ஓடியிருந்தது. அந்நாளுக்குப் பின் கருவி தந்த பதிவுகளை அரைமணி குறைத்ததும் இரட்டைகள் ஒன்றாயின.

எல்லாவற்றையும் ஒருங்கே ஏற்றற்க. நன்கறிந்த ஒரு நாளை மட்டும் முதலில் ஏற்றி மூலத்தோடு ஒப்புநோக்குக. ஏடு பெயர்த்தெழுதியோர்க்கு உரிய இந்நெறி கணினிக்கும் பொருந்துவதே. மாணவர் தாம் சிறுவராய்த் தந்தையாரோடு கடலுக்குச் சென்ற நாளொன்றைத் தெரிந்தெடுத்தார். ஆழமும் நேரமும் பொருந்தின. குறிப்பில், "மகன் படகிற் காத்திருந்தான். மேலே வந்ததும் என்ன கண்டீர்கள் என்று கேட்டான்" என்றிருந்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், அழிக்க எண்ணியிருந்த பழைய கோப்புக்கு இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை என்னிடம் தந்து சென்றார்.